நோயை மறைக்காதீர்கள், வேலையைக் காப்பாற்றுங்கள்: அமெரிக்காவில் எஃப்எம்எல்ஏ லீவு எடுக்கும் முறை

பெரிய நோய் என்று டாக்டர் சொன்ன வாரத்தில் நம் ஆட்கள் செய்கிற முதல் காரியம், அது ஆபீசில் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது. டாலஸ் வட்டாரத்தில் ஒரு நிறுவனத்தின் எச்ஆர் என்ற மனிதவளப் பிரிவில், லீவு விண்ணப்பங்களைப் பார்க்கிற வேலையில் பல வருடமாக இருக்கிறேன். காலையில் கீமோ ஏற்றிக்கொண்டு மதியம் கேமராவை அணைத்துவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டயாலிசிஸ் நாட்களுக்கு நேராக காலண்டரில் "டென்டிஸ்ட்" என்று போட்டவரையும் பார்த்திருக்கிறேன். கொஞ்ச காலம் இப்படி ஓடும். பிறகு வேலையில் பிசகு வரும், மேனேஜர் எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பார், அதற்கு அப்புறம்தான் "எனக்கு உடம்பு முடியலைங்க" என்று எங்களிடம் வருவார்கள். அந்தத் தேதியிலிருந்து அவர்களுக்கு உதவ முடியும். அதற்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் விட்டுப்போன நாட்களுக்கும் கெட்டுப்போன ரேட்டிங்குக்கும் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை. சொன்னவரைத்தான் இந்தச் சட்டம் காக்கும்.

சட்டத்தின் பெயர் ஃபேமிலி அண்ட் மெடிக்கல் லீவ் ஆக்ட். 1993 பிப்ரவரி 5 அன்று பில் கிளின்டன் கையெழுத்திட்டது. எல்லோரும் எஃப்எம்எல்ஏ என்பார்கள். 12 மாதக் கணக்கில் 12 வாரம் வரை லீவு. சம்பளம் கிடையாது. ஆனால் உங்கள் வேலை, அல்லது அதற்குச் சமமான வேலை, திரும்பி வரும்போது இருக்க வேண்டும். மருத்துவ இன்ஷூரன்ஸ் இடையில் நிற்கக் கூடாது. நான் வக்கீல் இல்லை. இந்த லீவு எங்கே சிக்குகிறது, எங்கே சுலபமாக நடக்கிறது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

உங்களுக்குக் கிடைக்குமா?

நான்கு விஷயம் பாருங்கள். தனியார் நிறுவனமானால் குறைந்தது 50 பேர் வேலை செய்ய வேண்டும். அரசு அலுவலகம், பள்ளிக்கூடம் என்றால் இந்த எண்ணிக்கை தேவையில்லை. எந்த வகை நிறுவனமானாலும் அங்கே நீங்கள் மொத்தம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். கடந்த 12 மாதத்தில் 1,250 மணி நேரம் உண்மையில் வேலை பார்த்திருக்க வேண்டும். எடுத்த லீவும் விடுமுறை நாட்களும் இதில் சேராது. உங்கள் வேலையிடத்தைச் சுற்றி 75 மைலுக்குள் அந்த நிறுவனத்துக்கு 50 பேர் இருக்க வேண்டும்.

இந்த 75 மைல் கணக்கில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். டாலஸ் பக்கத்து ஃப்ரிஸ்கோவில் உங்கள் வீட்டு மேசை வேலையிடம் ஆகாது. நீங்கள் எந்த ஆபீசுக்கு ரிப்போர்ட் செய்கிறீர்களோ, எங்கிருந்து உங்களுக்கு வேலை வருகிறதோ, அந்த ஆபீசைச் சுற்றித்தான் கணக்கு.

கன்சல்டன்சி வழியாக கிளையண்ட் இடத்தில் வேலை செய்பவர்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்குப் பொதுவாக இரண்டு பேரும் முதலாளிகள்தான். நோட்டீஸ் தருவது, லீவு தருவது, இன்ஷூரன்சைத் தொடர்வது, திரும்ப வேலை தருவது எல்லாம் முதன்மையாக உங்களுக்குச் சம்பளம் போடும் கன்சல்டன்சியின் பொறுப்பு. அதனால் கிளையண்ட் மேனேஜரிடம் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். கிளையண்டும் நீங்கள் லீவு எடுத்ததற்காகப் பழிவாங்கக் கூடாது. மொத்தமே முப்பது பேர் உள்ள கன்சல்டன்சி என்றால்தான் சங்கடம். அங்கே பெரும்பாலும் எஃப்எம்எல்ஏ பொருந்தாது. ஆனால் 15 பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஏடிஏ என்ற ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எச்-1பி விசாவில் இருந்தால்

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இந்த வேலை விசாவில் இருப்பவருக்கும் எஃப்எம்எல்ஏ உண்டு. குடியுரிமையை இந்தச் சட்டம் கேட்பதே இல்லை. "சம்பளம் ஓடலைன்னா ஸ்டேட்டஸ் போயிடுமே?" என்பார்கள். வேலை இல்லை என்று நிறுவனம் உங்களைச் சம்பளமில்லாமல் பெஞ்சில் உட்கார வைப்பதுதான் குற்றம். உங்கள் உடல்நலத்துக்காக நீங்களே கேட்டு எடுக்கிற லீவுக்குச் சம்பளம் தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. வேலை உறவு தொடர்கிற வரை ஸ்டேட்டசும் தொடரும். ஸ்டேட்டசுக்கு உண்மையான ஆபத்து, நோயை மறைத்து, வேலை கெட்டு, வெளியே அனுப்பப்படுவது. அப்போது வேறு வேலை தேடவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள்தான் கையில் இருக்கும். லீவு கேட்ட மின்னஞ்சல், கிடைத்த ஒப்புதல் கடிதம் இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் ஒரு காலத்தில் பே ஸ்டப்பில், அதாவது சம்பளச் சீட்டில், ஏன் இடைவெளி என்று கேட்டால் அவைதான் பதில்.

எந்த நோய்க்கு?

ஒரு இரவாவது ஆஸ்பத்திரியில் தங்கிய நோய். மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்து முடங்கி, டாக்டரின் தொடர் சிகிச்சையில் இருக்கிற நோய். ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை மாதிரி வருடத்துக்கு இரண்டு முறையாவது டாக்டரைப் பார்த்து, அவ்வப்போது முடக்கிப் போடுகிற நாள்பட்ட நோய். கீமோ, ரேடியேஷன், டயாலிசிஸ் மாதிரி திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய சிகிச்சை. மனச்சோர்வும் பதற்ற நோயும் இதே வரையறைக்குள் வரும். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இவற்றுக்கு லீவு கேட்க நம் ஊர்க்காரர்கள் கிட்டத்தட்ட வருவதே இல்லை.

எப்படிச் சொல்வது

முன்கூட்டியே தெரிந்த அறுவை சிகிச்சை என்றால் 30 நாள் முன்னால் சொல்ல வேண்டும். திடீரென்று வந்தால், முடிந்த உடனே. அதாவது அன்றோ அடுத்த வேலை நாளோ. நீங்கள் ஐசியுவில் இருந்தால் கணவனோ மனைவியோ வீட்டில் பெரியவர் யாரோ சொல்லலாம். ஆகவே உங்கள் மேனேஜர் நம்பரும் எச்ஆர் நம்பரும் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும். ஆபீஸ் போனுக்குள் மட்டும் பூட்டிக்கிடக்க வேண்டாம்.

"உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் சட்டப்படி அது போதாது. தலைவலிக்கும் அதைத்தான் சொல்வோம். அதற்காக நோயின் பெயரைச் சொல்லவும் தேவையில்லை. எஃப்எம்எல்ஏ என்ற சொல்லையே முதல் முறை சொல்லாவிட்டாலும் நீங்கள் சொன்ன விஷயத்தை வைத்துப் புரிந்துகொள்வது நிறுவனத்தின் கடமை. ஆனாலும் சொல்லிவிடுங்கள், காரியம் சுலபமாகும். இதை ஆங்கிலத்தில் போட்டு அனுப்பினால் போதும்:

"எனக்குத் தீவிரமான உடல்நலப் பிரச்சினை இருப்பது உறுதியாகியுள்ளது. டாக்டரின் தொடர் சிகிச்சையில் இருக்கிறேன். இன்ன தேதியிலிருந்து சுமார் இத்தனை வாரம் வேலைக்கு வர இயலாது. அதற்குப் பிறகு சிகிச்சை நாட்களில் விட்டுவிட்டு லீவு தேவைப்படலாம். எஃப்எம்எல்ஏ விடுப்புக்கான படிவங்களை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்."

மேனேஜருக்கும் எச்ஆருக்கும் சேர்த்து அனுப்புங்கள். ஒரு பிரதியை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும் போடுங்கள். காரிடாரில் வாயால் சொன்னதை மூன்று மாதம் கழித்து நிரூபிப்பது கஷ்டம். மேனேஜர் "அதெல்லாம் வேண்டாம், நாம பார்த்துக்கலாம், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று நல்ல மனதோடு சொல்லலாம். அந்த மேனேஜர் அடுத்த மாதம் வேறு டீமுக்குப் போய்விட்டால் அந்த ஏற்பாடும் அவரோடு போய்விடும். பெரிய நிறுவனங்கள் பல, லீவு வேலையை வெளியே ஒரு ஏஜென்சிக்குக் கொடுத்திருக்கும். அங்கேயும் போர்ட்டலில் பதிவு செய்ய வேண்டும்.

நீங்கள் கேட்ட ஐந்து வேலை நாளுக்குள் உங்களுக்குத் தகுதி இருக்கிறதா இல்லையா என்று எழுத்தில் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் அதே மெயிலுக்குப் பதிலாக நினைவூட்டல் போடுங்கள். புதிதாக ஆரம்பிக்காதீர்கள், தேதி ஒரே மெயில் தொடரில் தெரியட்டும்.

டாக்டர் படிவம்

இங்கேதான் நிறைய விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. தொழிலாளர் துறையின் படிவம் டபிள்யூஎச்-380-ஈ. சில நிறுவனங்கள் தங்கள் சொந்தப் படிவம் தரும், கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். கையில் கிடைத்ததிலிருந்து திருப்பித் தர குறைந்தது 15 நாள் அவகாசம். டாக்டர் ஆபீசில் படிவம் நிரப்பவே ஒரு வாரம் பத்து நாள் ஆகும், சில இடங்களில் கட்டணமும் கேட்பார்கள். அது உங்கள் செலவு. வந்த அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். தாமதமாகும் என்று தெரிந்தால் 15 நாள் முடிவதற்கு முன்பே எச்ஆருக்கு எழுதி அவகாசம் கேளுங்கள். நீங்கள் நேர்மையாக முயன்றும் முடியவில்லை என்றால் தர வேண்டும்.

ஒரு தம்பி படிவம் கொண்டுவந்தார். குடல் நோய், நல்ல ஸ்பெஷலிஸ்ட், பெரிய ஆஸ்பத்திரி. எவ்வளவு காலம் இந்த நிலை நீடிக்கும் என்ற கேள்விக்கு டாக்டர் எழுதியிருந்தது "தெரியாது". எத்தனை முறை வேலைக்கு வர முடியாமல் போகும் என்பதற்கு "தேவைப்படும்போது". மருத்துவ ரீதியாக அது உண்மையான பதில். ஆனால் "தெரியாது", "ஆயுள் முழுக்க" மாதிரியான பதில் போதாமல் போகலாம் என்று அந்தப் படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. டாக்டர்கள் அந்த வரியைப் படிப்பதில்லை. திருப்பி அனுப்பினோம். என்ன குறை என்று எழுத்தில் சொல்லி, சரிசெய்ய ஏழு நாள் தர வேண்டும் என்பதும் சட்டம்தான். இரண்டாம் முறை டாக்டர் எழுதினார்: மாதம் இரண்டு முதல் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒன்று முதல் இரண்டு நாள், அடுத்த 12 மாதத்துக்கு. அன்றே ஒப்புதல் போனது.

ஆகவே டாக்டர் அப்பாயின்ட்மென்டுக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். போன இரண்டு மூன்று மாதத்தில் எந்தெந்த நாள் படுத்தபடி இருந்தீர்கள், கீமோவுக்குப் பிறகு எத்தனை நாள் எழுந்திருக்க முடியவில்லை, வேலையில் எதைச் செய்ய முடியவில்லை: நிற்பதா, தூக்குவதா, ஸ்கிரீனைப் பார்ப்பதா, கவனம் வைப்பதா. பத்து நிமிட அப்பாயின்ட்மென்டில் டாக்டருக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காது. நீங்கள் கொடுத்தால் எழுதுவார். கொஞ்சம் தாராளமாகவே மதிப்பிடச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை என்று எழுதிவிட்டு மூன்று முறை லீவு போட்டால் மறுபடி சான்று கேட்பார்கள். படிவம் கையில் வந்ததும் ஒரு கட்டமும் காலியாக இல்லையே, கையெழுத்தும் தேதியும் இருக்கிறதே என்று கிளம்புவதற்கு முன் அங்கேயே நின்று பாருங்கள்.

உங்கள் மேனேஜர் டாக்டர் ஆபீசுக்குப் போன் போட முடியாது, சட்டமே தடுக்கிறது. எச்ஆரோ லீவு ஏஜென்சியோ, படிவத்தை அந்த டாக்டர்தான் தந்தாரா என்று உறுதிசெய்யவும், அதில் எழுதியிருப்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளவும் மட்டும் பேசலாம். அந்தத் தாள்கள் உங்கள் வேலைக் கோப்பில் இருக்கக் கூடாது, தனியாகப் பூட்டி வைக்க வேண்டும். "தமிழ்ப் பள்ளியில பசங்க ஒண்ணா படிக்கிறாங்க, விஷயம் பரவிடுமோ" என்று ஒரு அம்மா என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அவர் மேனேஜருக்கு நாங்கள் சொன்னது தேதிகளை மட்டும். தேதிகளும் வேலையில் தேவையான கட்டுப்பாடுகளும் தவிர வேறு எதையும் மேனேஜருக்குச் சொல்லக் கூடாது. நிறுவனத்துக்குச் சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டரிடம் அனுப்பலாம். அந்தச் செலவு முழுக்க நிறுவனத்தினுடையது.

12 வாரத்தையும் ஒரேயடியாகச் செலவழிக்க வேண்டாம்

இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. மருத்துவத் தேவை இருந்தால் லீவைத் துண்டு துண்டாக எடுக்கலாம்: ஒரு நாள், அரை நாள், இரண்டு மணி நேரம். வாரம் 40 மணி நேரம் வேலை என்றால் உங்கள் கையில் இருப்பது 480 மணி நேரம். மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ, மொத்தம் ஆறு, ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 நாள், 144 மணி நேரம். அறுவை சிகிச்சைக்கும் ரேடியேஷனுக்கும் இன்னும் 336 மணி நேரம் மிச்சம், அதாவது எட்டு வாரத்துக்கு மேல். முதல் கீமோ அன்றே முழு லீவில் போனவருக்கு ஆபரேஷன் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. சிகிச்சைத் திட்டம் முழுவதையும் டாக்டரிடம் கேட்டு வாங்கி, ஒரு தாளில் மாதவாரியாக எழுதிப் பார்த்துவிட்டு, எப்போது முழு லீவு, எப்போது துண்டு லீவு என்று முடிவு செய்யுங்கள். வேலை செய்ய உடம்பே இடம் கொடுக்கவில்லை என்றால் அது வேறு. அப்போது வீம்புக்கு உட்காராதீர்கள்.

துண்டு லீவுக்கு ஒப்புதல் கிடைத்த பிறகும் ஒவ்வொரு முறை வராத நாளன்றும் வழக்கப்படி தகவல் சொல்லியாக வேண்டும், அது எஃப்எம்எல்ஏ நாள் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை விட்டதால் ஒப்புதல் கையிலிருந்தும் நாட்களை இழந்தவர்கள் உண்டு. அந்தந்த நாளையும் நேரத்தையும் நீங்களும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். 12 மாதத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதை நிறுவனம்தான் தேர்ந்தெடுக்கும்: ஜனவரியிலிருந்தா, உங்கள் முதல் லீவு நாளிலிருந்தா, லீவு எடுக்கும் ஒவ்வொரு நாளிலிருந்தும் பின்னோக்கியா. எச்ஆரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பணம்

எஃப்எம்எல்ஏ வேலையைக் காக்கும், பணம் தராது. ஷார்ட் டேர்ம் டிசபிலிட்டி என்ற குறுகிய கால இன்ஷூரன்ஸ் பணம் தரும், அது தனியாக வேலையைக் காக்காது. இரண்டும் தனித்தனி விண்ணப்பம். ஒன்றுக்கு ஒப்புதல் வந்ததும் இன்னொன்றும் வந்துவிட்டதாக நினைத்து, படிவத் தேதியைத் தவறவிட்டவர்களை வருடாவருடம் பார்க்கிறேன். டிசபிலிட்டியில் பெரும்பாலும் சம்பளத்தில் 60 சதவீதம் மாதிரி வரும், முதல் ஒரு வாரமோ இரண்டு வாரமோ காத்திருப்பு இருக்கும். அந்த நாட்களுக்குச் சேர்த்து வைத்த பிடிஓவை, அதாவது சம்பளத்தோடு கூடிய லீவை, போட்டுக்கொள்ளலாம். நிறுவனமே பிடிஓவைப் பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் சட்டத்தில் இடமுண்டு. டிசபிலிட்டிப் பணம் வருகிற நாட்களுக்கு மட்டும் அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூ யார்க், ரோட் ஐலண்ட், வாஷிங்டன், மாசசூசெட்ஸ், கனெக்டிகட், ஆரிகன், கொலராடோ போன்ற சில மாநிலங்களில் இருப்பவர்களுக்கு மாநிலச் சட்டப்படியே பகுதிச் சம்பளம் உண்டு, அதற்குத் தனியாக விண்ணப்பியுங்கள். டெக்சசில் அப்படி எதுவும் இல்லை. அதனால் நிறுவனத்தின் இன்ஷூரன்ஸ்களைத் தேர்ந்தெடுக்கிற நவம்பர் மாத ஓப்பன் என்ரோல்மென்டில் டிசபிலிட்டி இன்ஷூரன்ஸ் கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போகாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் உங்கள் பங்கு சம்பளத்தில் பிடிபடும். சம்பளம் நின்றால் அது தானாகப் பிடிபடாது, நீங்கள்தான் கட்ட வேண்டும். எந்தத் தேதிக்குள், செக்கா ஆன்லைனா என்று லீவு தொடங்கும் முன்பே கேளுங்கள். 30 நாளுக்கு மேல் தாமதமானால், 15 நாள் முன்னறிவிப்புக் கடிதம் அனுப்பிவிட்டு நிறுத்த முடியும். அந்தக் கடிதம் சாதாரணத் தபாலில் வரும். ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைகிற நேரத்தில் தபால் பெட்டியைத் திறக்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

லீவில் இருக்கும்போதும் திரும்பும்போதும்

பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது என்று கேட்டு ஒரு போன் வந்தால் சொல்லிவிடலாம். ரிப்போர்ட் முடித்துக் கொடு, ரிலீஸுக்கு வந்து உட்கார் என்றால் அது வேலை வாங்குவது. உங்கள் உரிமையில் குறுக்கிடுவது. பணிவாக எழுத்தில் மறுத்து, எச்ஆருக்கு நகல் போடுங்கள். லேப்டாப்பைத் திறக்காமல் இருப்பதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

திரும்பி வரும்போது அதே வேலையோ, சம்பளம், சலுகை, பொறுப்பு, ஷிஃப்ட், இடம் எல்லாவற்றிலும் சமமான வேலையோ தர வேண்டும். வேலை செய்யத் தகுதியானவர் என்ற டாக்டர் சான்று தேவை என்றால் அதை ஒப்புதல் கடிதத்திலேயே சொல்லியிருப்பார்கள். முன்கூட்டியே வாங்கி வையுங்கள். லீவில் போன நாட்களை ரேட்டிங்கிலோ வருகைப் புள்ளியிலோ உங்களுக்கு எதிராக எண்ணக் கூடாது. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: டீம் முழுவதையும் லேஆஃப் செய்தால், லீவில் இருப்பதாலேயே நீங்கள் தப்ப முடியாது. ஆனால் நீங்கள் லீவில் இல்லாவிட்டாலும் அந்த வேலை போயிருக்கும் என்று காட்ட வேண்டிய பொறுப்பு நிறுவனத்தினுடையது. கையெழுத்துப் போடச் சொல்லி எந்தத் தாள் தந்தாலும் வக்கீல் ஒருவரிடம் காட்டாமல் போடாதீர்கள்.

லீவை மறுத்தாலோ, கேட்டதற்காக வேலையைவிட்டு எடுத்தாலோ தொழிலாளர் துறையின் வேஜ் அண்ட் அவர் பிரிவை 1-866-487-9243 என்ற எண்ணில் அழையுங்கள். மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். கட்டணம் இல்லை. வழக்குப் போட இரண்டு வருடம், வேண்டுமென்றே செய்த மீறலுக்கு மூன்று வருடம் அவகாசம் உண்டு.

12 வாரம் முடிகிறது, உடம்பு இன்னும் தேறவில்லை என்றால் ராஜினாமா செய்யாதீர்கள். இதுதான் நான் பார்க்கிற மிகப் பெரிய இழப்பு. யாரும் கேட்காமலே "சிரமம் கொடுக்க வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மேலே சொன்ன ஏடிஏ சட்டம் இங்கே வருகிறது. 15 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில், நோயால் உங்கள் முக்கியமான அன்றாடச் செயல்பாடோ உடல் செயல்பாடோ கணிசமாகக் குறைந்திருந்தால், இன்னும் சில வாரம் சம்பளமில்லாத லீவையோ, குறைந்த நேர வேலையையோ, வீட்டிலிருந்து வேலையையோ நியாயமான வசதியாகக் கேட்கலாம். நிறுவனத்துக்குப் பெரும் சிரமம் என்று காட்டினாலொழிய மறுக்க முடியாது. எப்போது திரும்புவேன் என்ற உத்தேசத் தேதி இல்லாத கோரிக்கை நிற்பது கடினம். டாக்டரிடம் ஒரு தேதி எழுதி வாங்குங்கள். அந்தக் கடிதத்தை 12 வாரம் முடிவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே எச்ஆருக்கு அனுப்பிவிடுங்கள்.